அட்மின் இல்லாமல் போர்ட்டைத் திறக்கிறது: கேள்வி பதில்

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, நெல் ஸ்டோர் தராசை யூஎஸ்பி சீரியல் வயராலை உபுண்டு லினக்ஸ் லப்டொப்பிலை கொழுவினேன். பைதன் புரோகிராம் "பெர்மிஷன் டினைட்" எண்டுது. சூடோ (அட்மின் அதிகாரத்தோடை ஓட்டுற கட்டளை) போட்டால் ஓடுது.

தம்பி, சூடோ போட்டு ஓட்டாதேங்கோ. அந்தப் போர்ட் லினக்ஸுக்கு ஒரு கோப்பு: சொந்தக்காரன் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் யூசர்), குழு டயலவுட், அனுமதி 660 (சொந்தக்காரனும் குழுவும் மட்டும் வாசிக்க, எழுதலாம்). உங்கட யூசரை டயலவுட் குழுவிலை சேர்த்தால் காணும். யூசர்மொட் கட்டளைக்குச் சின்ன ஏ, பெரிய ஜி இரண்டையும் குடுங்கோ. ஏ-யை விட்டால் மற்றக் குழுக்களிலை இருந்து உங்கட பேர் வெட்டுப்படும். சூடோ குழுவும் அதோடை போயிடும். முடிச்சதும் லொக்அவுட் பண்ணித் திரும்ப உள்ளை வாங்கோ, டெர்மினலை மூடித் திறக்கிறது காணாது. "ஐடி" எண்டு அடிச்சால் டயலவுட் தெரியவேணும்.

வயரைக் கழட்டிக் கொழுவ போர்ட்டின்ர இலக்கம் 0, 1 எண்டு மாறினால் யூடெவ் (கொழுவுற கருவிக்குப் பேரும் அனுமதியும் குடுக்கிற லினக்ஸ் பகுதி) விதி ஒண்டு எழுதுங்கோ. சீஎச்340 சிப் உள்ள வயர் எண்டால் வென்டர் இலக்கம் 1ஏ86, புரொடக்ட் இலக்கம் 7523. சிம்லிங்குக்கு (போர்ட்டைக் காட்டுற மாற்றுப் பேர்) "தராசு" மாதிரி நிரந்தரப் பேர் குடுக்கலாம். கோப்பின்ர பேர் "டொட் ரூல்ஸ்" எண்டு முடியாட்டி யூடெவ் அதை வாசிக்காது.

மாங்குளத்திலிருந்து: சொந்த லப்டொப்தானே, சூடோ போட்டால் என்ன? இல்லாட்டி சிஎச்மொட் 666 (எல்லாருக்கும் வாசிக்க, எழுத அனுமதி) அடிச்சு விடலாமே.

666 வயரைக் கழட்டும் வரைக்கும்தான். திரும்பக் கொழுவேக்கை கோப்பு புதுசா உருவாகும், அனுமதி பழையபடி 660. சூடோவிலை ஓட்டினால் புரோகிராம் எழுதுற லொக் கோப்பு ரூட்டின்ர சொத்தாகும். நாளைக்குச் சாதாரணமா ஓட்டேக்கை அதிலை எழுத ஏலாது. உங்கட யூசருக்குப் பிப்பாலை (பைதன் பொதி போடுற கட்டளை) போட்ட பைசீரியல் எண்ட சீரியல் போர்ட் பொதியும் ரூட்டுக்குத் தெரியாது.

மாங்குளம், திரும்ப: அதையும் சூடோ பிப்பாலை போட்டால் சரிதானே?

அது சிஸ்டத்தின்ர சொந்தப் பைதன் பொதிகளோடை மோதலாம். ஒரு போர்ட்டுக்காக முழு மெஷினையும் ரூட்டிட்டைக் குடுக்கிறீங்கள். தராசு அனுப்புற வரியைப் பிரிக்கிற இடத்திலை பிழை விட்டாலும் அந்தப் பிழை ரூட் அதிகாரத்தோடைதான் ஓடும். இதிலை நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

வவுனியாவிலிருந்து: உபுண்டு 22.04. சீஎச்340 கொழுவின உடனை போர்ட் வந்து மறையுது.

டிமெசேஜிலை (லினக்ஸின்ர உள் செய்திகளைக் காட்டுற கட்டளை) "பிஆர்எல்டிடிவை" எண்ட பேரைத் தேடுங்கோ. பிரெய்ல் கருவி எண்டு நினைச்சு அது உங்கட வயரைப் பிடிக்குது. பிரெய்ல் பாவிக்கிற ஆள் அந்தக் கணினியிலை இல்லையெண்டால் பொதியைக் கழட்டுங்கோ.

முல்லைத்தீவிலிருந்து: விண்டோஸ் 10-இலை எல்பிடி போர்ட் (பழைய பிரிண்டர் போர்ட்), முகவரி ஹெக்ஸ் 378. பழைய சி புரோகிராம் "பிரிவிலெஜ்ட் இன்ஸ்ட்ரக்ஷன்" எண்டு விழுது.

விண்டோஸ் 98-இலை போர்ட்டுக்கு நேரை எழுதலாம். விண்டோஸ் 10 மாதிரி என்டி வழி விண்டோஸிலை சாதாரண புரோகிராமின்ர இன், அவுட் கட்டளையைப் புரோசஸரே மறிக்கும். அதைத் தாண்ட இன்பவுட்32 எண்ட லைப்ரரி ஒரு கேர்னல் (விண்டோஸின்ர உள் மையம்) டிரைவரை ஏத்தும். முதல் தரம் மட்டும் அட்மின் வேணும். ஆனால் பிறகு அந்த மெஷினிலை ஓடுற எந்தப் புரோகிராமும் எந்தப் போர்ட்டிலையும் எழுதலாம். அதாலை இன்டர்நெட் இல்லாத தனி மெஷினிலை மட்டும் போடுங்கோ. யூஎஸ்பி பிரிண்டர் வயர் வாங்காதேங்கோ, அதுக்கு 378 எண்ட முகவரியே இல்லை. லினக்ஸ் எண்டால் பார்போர்ட்0 கோப்பும் எல்பி குழுவும் காணும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: அண்ணை, எனக்கும் பெர்மிஷன் டினைட்.

முதல் பதில். லொக்அவுட் பண்ணினீங்களோ?

ஒட்டுசுட்டானிலிருந்து: விண்டோஸிலை கொம்3 சீரியல் போர்ட் "அக்சஸ் டினைட்". அட்மினா ஓட்டவோ?

வேண்டாம். ஆர்டுயினோ சீரியல் மொனிட்டர் அந்தப் போர்ட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும், மூடுங்கோ.

மல்லாவியிலிருந்து: தராசின்ர ஆர்எஸ்232 வயரை நேரை ஆர்டுயினோ ஊனோவிலை கொழுவலாமோ?

கொழுவாதேங்கோ! ஆர்எஸ்232 நேர், மறை 15 வோல்ட் வரைக்கும் போகும், ஊனோவின்ர பின் 5 வோல்ட். இடையிலை வோல்ட்டை மாத்துற மக்ஸ்232 சிப் போடுங்கோ.