கைப்பிடி விரிசலுக்குக் காரணம் மண் இல்லை
பல்லடத்தில் வீட்டுப் பட்டறையில் செய்யும் கோப்பைகள் காயும்போதே கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிகின்றன, மண் சரியில்லையா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மண்மேல் சந்தேகம் இல்லைங்க, காற்றின் மேல்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று மெல்லிய கைப்பிடியை முதலில் உலர்த்திவிடும், அது சுருங்கும்போது கோப்பை இன்னும் ஈரமாகவே இருக்கும், அப்புறம் ஒட்டு விடாமல் என்ன செய்யும்? போன ஆடியில் அம்மா செய்த 11 கோப்பைகள் எங்களுக்கும் இப்படித்தான் போயின, மனசே ஆறவில்லை.

இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது, ஒட்டும் இடங்களைக் கீறி, அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி ஒட்டுங்கள். கைப்பிடியில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, காற்றுப் படாத அறையில் நாலைந்து நாள் மெதுவாகக் காயட்டும். விரிந்தவற்றை எறியாதீர்கள், சுடாத மண்தானே, ஊறவைத்துப் பிசைந்தால் மறுபடியும் வனையலாம்.