ஜெனரேட்டர் மேலே, பம்ப் கீழே

வணக்கம். வேளச்சேரியில் 60 படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனையின் பராமரிப்பு என் பொறுப்பு. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் தெரு மூழ்கியது. தரைக்கடி பார்க்கிங்கில் இருக்கும் 125 கேவிஏ ஜெனரேட்டரை மொட்டைமாடிக்கு மாற்ற நிர்வாகம் பணம் ஒதுக்கியிருக்கிறது. இது போதுமா?
ஆர். கே.

அன்புள்ள ஆர். கே.,

போதாது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் நனையாமல் இருந்தன. டீசலை மேலே தள்ளும் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கிவிட்டன. ஊழியர்கள் மாடிப்படியில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி டீசல் ஏற்றினார்கள். அப்படியும் கடைசியில் மருத்துவமனையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

ஐசியூ பிளக்கில் தொடங்கி, வயர் வரும் வழியே பின்னோக்கி நடந்து பாருங்கள். யுபிஎஸ் பேட்டரி, மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், கட்டடம் முழுக்க மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் எல்.டி. பேனல், கேபிள், டீசல் டேங்க். இவற்றில் ஆகத் தாழ்வாக எது இருக்கிறதோ, அதைத் தண்ணீர் தொட்ட நிமிடம் வார்டு இருட்டாகிவிடும். பெரும்பாலும் அது பேனலாகத்தான் இருக்கும். 2015இல் தண்ணீர் ஏறிய கோட்டைச் சுவரில் குறியுங்கள். அதற்கும் குறைந்தது 2 அடி மேலே பேனலை முதலில் ஏற்றுங்கள். ஜெனரேட்டர் அதற்குப் பிறகு.

மொட்டைமாடி எனக்கு உவப்பில்லை. கூண்டோடு சேர்த்து ஜெனரேட்டர் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, அதிர்வு வேறு. கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் ஏற்றவே கூடாது. முதல் மாடி உயரத்தில் தனித் தூண்கள் மேல் மேடை கட்டினால் டீசல் ஏற்றுவதும் சுலபம். பாதி லோடில் ஓடினாலே மணிக்கு 14 லிட்டர் அளவில் குடிக்கும். 3 நாளுக்கு 1000 லிட்டர். வெள்ளத்தில் லாரி வராது. இவ்வளவு டீசலை எங்கே, எப்படி வைக்கலாம் என்று தீயணைப்புத் துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இன்ஜினைவிடச் சற்று உயரத்தில் சிறு டேங்க் வைத்தால் பம்ப் நின்றாலும் டீசல் தானாக இறங்கும். அதை நிரப்ப ஒரு கைப்பம்ப் வேண்டும்.

வாசலில் மணல்மூட்டை அடுக்குவார்கள்; தண்ணீர் கேபிள் குழாய் வழியாக உள்ளே வரும். அந்தத் துளைகளை அடைத்துவிடுங்கள். சாக்கடை எதிர்த்துத் தரைத்தளக் கழிவறையில் பொங்காமலிருக்கக் கழிவுக்குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு தேவை. சம்ப் எனும் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் வாயையும் உயர்த்திக் கட்டுங்கள். அதில் சாக்கடை கலந்தால் டயாலிசிஸ் நின்றுவிடும். ஆக்சிஜன் சிலிண்டர் அறையின் தரைமட்டத்தையும் அளந்துவிடுங்கள்.

ஜெனரேட்டரை மாதமொரு முறை சும்மா ஓட்டி அணைப்பது சோதனையே அல்ல. மெயினை இறக்கி, முழு வார்டு லோடில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐசியூவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, செப்டம்பருக்குள் ஒரு பகல் வேளையில் செய்யுங்கள்.