இரவில் தூங்காத அப்பா, கூடவே விழித்திருக்கும் அம்மா: என்ன செய்வது?

78 வயது அப்பா ராத்திரி நாலைந்து முறை எழுகிறார், அம்மாவும் தூங்குவதில்லை, தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாத்திரைக்குப் போகாதீர்கள். வயதானவர்களுக்கு அது தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கொண்டுவரும், இருட்டில் கழிவறைக்குப் போகும்போது விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம். முதலில் ஏன் எழுகிறார் என்று பாருங்கள். சிறுநீரா, வலியா, மூச்சுத்திணறலா? நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்க நடைதான், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். காலையில் கொஞ்சம் வெயில் படட்டும், கட்டிலிலிருந்து கழிவறை வரை சின்ன விளக்கு எரியட்டும்.

அப்புறம் அம்மா. வாரத்தில் இரண்டு இரவாவது வேறு யாராவது முறை எடுத்துக்கொள்ளுங்கள், அவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். அப்படியும் எரிந்து விழுகிறார், அழுகிறார் என்றால் அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.