பழைய ஹோண்டா சிட்டிக்கு சூப்பர்சார்ஜரா, வேறு காரா?

2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக் (வேகத்துக்கேற்ப வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா எஞ்சின்) வைத்திருக்கிறீர்கள். சூப்பர்சார்ஜர் போடலாமா, வேகமான கார் வாங்கலாமா என்கிறீர்கள். வேறு காரே வாங்குங்கள் என்பேன். அந்த விடெக் மேல் எனக்கும் தீராத ஆசை உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

சூப்பர்சார்ஜர் எஞ்சினின் பெல்ட்டிலேயே சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், பம்ப், எஞ்சினை இயக்கும் கணினியான இசியூவின் டியூனிங் எல்லாம் பின்னாலேயே வரும். அழுத்தப்பட்ட காற்று சூடாகும். சூடு ஏறினால் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது; அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனே போய்விடும். பிறகு கிளட்ச், பிரேக். அவை பழைய 106 பிஎச்பி குதிரைத்திறனுக்குச் செய்தவை.

ஒன்று செய்து பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும், ஓடும்போதே ஆயில் மூடியை மெல்லத் திறங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த எஞ்சினுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுப்பது பாவம். புகை இல்லாவிட்டாலும் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது) எடுக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. விபத்தென்றால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல்.

ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ கார், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவோடு 150 பிஎஸ் (பிஎச்பி போலவே ஒரு குதிரைத்திறன் அளவு) தருகிறது. பழையதாகவே ஒன்று தேடுங்கள். சிட்டியை விற்க மனம் வராவிட்டால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷும் நல்ல டயரும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.