மூளைக்காய்ச்சல் குணமான பிறகு நடத்தை மாறினால்…

கேள்வி: என் கணவருக்கு வயது 41. ஹெர்பிஸ் வைரஸால் மூளைக்காய்ச்சல் வந்து, 21 நாள் மருத்துவமனையில் ஊசி போட்டுக் குணமாகி வீடு திரும்பினார். கொஞ்சம் ஞாபகமறதி, மற்றபடி நன்றாகவே இருந்தார். ஐந்து வாரம் கழித்து இப்போது இரவில் தூங்குவதே இல்லை. நடு இரவில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். நான் சோற்றில் ஏதோ கலந்துவிட்டதாகச் சொல்லித் தட்டைத் தள்ளுகிறார். காய்ச்சல் இல்லை. வைரஸ் திரும்ப வந்துவிட்டதா? மருந்துக் கடையில் அசைக்ளோவிர் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கும் ஒட்டுமா? முடி கொட்டுகிறது, மீன், முட்டை கொடுக்கலாமா? உறவினர்கள் மந்திரிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்களைத் தொலைபேசியில் அழைத்து, அவரை இன்றே நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லச் சொல்லிவிட்டேன். இந்தப் பதில் வெளியாகும்வரை தாங்காது. இங்கே எழுதுவது இதே நிலையில் தவிக்கும் மற்றக் குடும்பங்களுக்காக.

அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இனி இப்படியே இருந்துவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி அதுதான் தெரிகிறது. நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் வைத்தியத்துக்குக் கட்டுப்படக்கூடிய ஒரு நோய். நாள் கடத்தினால்தான் ஆபத்து.

ஹெர்பிஸ் வைரஸ் மூளையின் பக்கவாட்டு மடல்களைத் தாக்குகிறது. ஞாபகமும் உணர்ச்சியும் பெரிதும் அந்தப் பகுதியைச் சார்ந்தவை. அங்கே நரம்பணுக்கள் சிதையும்போது, நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் வழக்கமாகப் படாத புரதங்கள் வெளியே வருகின்றன. அவற்றையும் எதிரி என்று எடுத்துக்கொண்டு உடல் ஆன்டிபாடிகளை (கிருமிகளைத் தாக்க உண்டாகும் எதிர்ப்புப் புரதங்களை)த் தயாரித்துவிடுகிறது என்று கருதப்படுகிறது. வைரஸ் ஒழிந்த பிறகும் அந்த ஆன்டிபாடிகள் ஓய்வதில்லை. நல்ல நரம்பணுக்களின் மேல், சமிக்ஞைகளை வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றை ஆன்டிபாடிகள் பற்றிக்கொள்ள, நரம்பணு அந்த ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. விளைவு, தூக்கம் போகிறது, சந்தேகம் வருகிறது, பெற்ற பிள்ளையே அந்நியமாகத் தெரியலாம். ஆன்டிபாடி குறைந்தால் ஏற்பிகள் மீண்டும் மேலே வருகின்றன. என் நம்பிக்கைக்குக் காரணம் அதுதான்.

இந்த ஆன்டிபாடி நோயை நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007-இல் விவரித்தார்கள். அதற்கு முன்பு, ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்குப் பின் இப்படி ஆன பலருக்கு வைரஸ் திரும்பிவிட்டது என்றே நினைத்து வைத்தியம் நடந்தது. ஸ்பெயினில் 51 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான ஆய்வில், 14 பேருக்கு இரண்டு மாதங்களுக்குள் இந்த இரண்டாவது தாக்குதல் வந்தது. நான்கில் ஒருவருக்கு மேல்! அப்படியிருந்தும், டிஸ்சார்ஜ் செய்யும்போது இதைக் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு இது பொறுக்க முடியாத விஷயம். 'மூன்று மாதத்துக்குள் நடத்தை மாறினால் உடனே வாருங்கள்' என்று அந்தத் தாளில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

காய்ச்சல் இல்லை என்பதால் ஆறுதல் கொள்ளாதீர்கள். இந்த இரண்டாவது தாக்குதல் காய்ச்சலே இல்லாமலும் வரும். பெரியவர்களிடம் அது நடத்தை மாற்றமாகத்தான் முதலில் தெரியும். சின்னக் குழந்தைகளிடம் கைகால்கள் தானாக நெளிவதும், கற்ற பேச்சு மறந்துபோவதும் முன்னால் வரும்.

வைரஸே திரும்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. வெளியே தெரியாத வலிப்பும் ஒருவரை இப்படி ஆட்டிவைக்கும். அதனால்தான் முதுகுத் தண்டு நீரை எடுத்து வைரஸுக்கான பி.சி.ஆர். பரிசோதனை, ஆன்டிபாடி பரிசோதனை இரண்டையும் பார்க்க வேண்டும், எம்.ஆர்.ஐ., மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்க வேண்டும். ஆன்டிபாடி நோய்தான் என்றால், ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிபாடி மருந்து), தேவைப்பட்டால் ரத்தப் பிளாஸ்மா மாற்றுதல் என்று வைத்தியம் இருக்கிறது. குணமாக மாதங்கள் ஆகலாம். முதல் வாரத்திலேயே பழைய மனிதரை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

அந்த மாத்திரையை நிறுத்துங்கள். மருத்துவமனையில் அவருக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் ரத்தக்குழாய் வழியாக அசைக்ளோவிர் போயிருக்கும். வாய்வழி அசைக்ளோவிரில் பெரும்பகுதி குடலிலிருந்து ரத்தத்தில் சேர்வதே இல்லை. மூளைக்காய்ச்சலுக்கு அது போதாது. வைத்தியம் நடக்கிறது என்ற நினைப்பில் நீங்கள் சில நாட்களை இழந்ததுதான் மிச்சம். யாருக்கோ பலித்ததாக இணையத்தில் படித்து ஸ்டீராய்டு மாத்திரையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வைரஸ் இல்லை என்று உறுதியாகும்முன் அது வம்பு.

மனநல மருத்துவர் உதவலாம், ஆனால் நரம்பியல் மருத்துவரோடு சேர்ந்து. இந்த நோயில் சில மனநோய் மருந்துகள் உடலை விறைக்கவைத்துக் கடும் காய்ச்சலைக் கொண்டுவரக்கூடும். வெறும் தூக்க மாத்திரையோடு திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மந்திரிப்பதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றவற்றுக்கு ஒரே மூச்சில் பதில். பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் ஒட்டாது. ஹெர்பிஸ் வைரஸ் உலகில் பாதிப் பேருக்கு மேல் உடலில் இருக்கிறது. அபூர்வமாக ஒருவருக்குத்தான் மூளைக்குப் போகிறது. பெரிய நோய்க்குப் பின் முடி கொட்டும், தானே முளைக்கும். மீன், முட்டை தாராளமாகக் கொடுங்கள். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சில வாரம் சோர்வும் மறதியும் இருப்பதாக எழுதியிருக்கும் மற்ற வாசகர்களே, உங்கள் மூளையை யாரும் அரிக்கவில்லை, தூங்குங்கள்.

அவசரப் பிரிவில் 'மனநிலை சரியில்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். 'ஐந்து வாரத்துக்கு முன் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல், இப்போது நடத்தை மாறியிருக்கிறது, ஆன்டிபாடி பார்க்க வேண்டுமா' என்று கேளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சுருக்கம், எம்.ஆர்.ஐ. படங்கள், நீங்கள் கொடுத்த மாத்திரை அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். அவர் வர மறுத்தால் தனியாக மல்லுக்கட்டாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.