ஏழாம் நம்பரும் குலுக்கல் சீட்டும்

அன்புள்ள அண்ணாச்சி,

புளியரையில் டயர் கடை வைத்திருக்கிறேன். என் மச்சான் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை எல்லை தாண்டி கேரளத்து ஆரியங்காவு போய் லாட்டரி எடுக்கிறவர். முதல் பரிசு நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கடைசி 20 குலுக்கலில் ஒன்றுகூட 7-ல் முடியவில்லையாம், அதனால் இனிமேல் 7-ல் முடிகிற டிக்கெட்டாகவே எடுப்பேன் என்று நிற்கிறார். போன குலுக்கலுக்கும் அடுத்த குலுக்கலுக்கும் சம்பந்தமே கிடையாது என்று பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் சொன்னாள். "அப்படின்னா நம்ம குலுக்கல் சீட்டுல மட்டும் இத்தனை மாசம் விழல, இனி விழுந்துரும்னு சொல்றோமே, அது தப்பா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவளுக்குப் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவளுக்கு வேறொரு குழப்பமும் இருக்கிறது. ஒரே பகடையை ஒரே தடவை உருட்டினாலும் அதில் இரண்டு நிகழ்ச்சிகள் சார்பிலாதவையாக இருக்கலாம் என்று படித்தாளாம். ஒரே உருட்டு, அதில் ஒன்றை ஒன்று சாராமல் எப்படி இருக்கும்? கொஞ்சம் விளக்குங்கள்.

ஒரு வாசகர், புளியரை

அன்புள்ள தம்பி,

உங்கள் மச்சான் கேட்டது அருமையான கேள்வி. சார்பிலா நிகழ்ச்சி, சார்ந்த நிகழ்ச்சி என்று புத்தகத்தில் இருப்பதன் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

20 பேர் சேர்ந்து ஒரு குலுக்கல் சீட்டு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, சுருட்டி, டப்பாவில் போட்டு, யாராவது ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வோம். முதல் மாதம் உங்கள் பெயர் வர வாய்ப்பு 20-ல் 1. பணம் எடுத்தவர் பெயர் மறுபடி டப்பாவுக்குள் போகாது, அதனால் முதல் மாதம் உங்களுக்கு விழவில்லை என்றால் இரண்டாம் மாதம் 19-ல் 1. இப்படியே 15 மாதம் விழவில்லை என்றால் டப்பாவில் மிச்சம் 5 பெயர்தான், வாய்ப்பு 5-ல் 1. கடைசி மாதம் குலுக்கவே வேண்டியதில்லை. ஆக, "இத்தனை மாசம் விழல, இனி விழுந்துரும்" என்று சீட்டில் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. போன மாதம் நடந்தது இந்த மாதத்து வாய்ப்பை மாற்றுகிறது. இதுதான் சார்ந்த நிகழ்ச்சி. (மகளிடம் இதையும் கணக்குப் போடச் சொல்லுங்கள்: சீட்டு தொடங்கும் முன்னால் "இரண்டாம் மாதம் எனக்கு விழும்" என்பதன் நிகழ்தகவு, 20-ல் 19-ஐ 19-ல் 1-ஆல் பெருக்கினால் மறுபடியும் 20-ல் 1தான் வரும். எல்லா மாதத்துக்கும் அப்படித்தான். முதல் மாதம் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் அது 19-ல் 1 ஆகிறது.)

லாட்டரியில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு குலுக்கலுக்கும் 0 முதல் 9 வரை பத்து இலக்கமும் திரும்ப உள்ளே வந்துவிடுகின்றன. நேற்று 7 வந்திருந்தாலும் சரி, 20 தடவையாக வராமல் இருந்தாலும் சரி, அடுத்த குலுக்கலில் கடைசி இலக்கம் 7 ஆக இருக்க வாய்ப்பு 10-ல் 1. மச்சானுடைய நினைப்பு முட்டாள்தனம் இல்லை, சீட்டுக்குப் பொருந்துகிற நினைப்பை லாட்டரிக்குப் போட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் ரொம்பப் பழசு. பிரான்ஸ் நாட்டு லாட்டரியில் ரொம்ப நாளாக வராத எண்ணாகப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்களைப் பற்றி லாப்லாஸ் என்ற கணித மேதை 1814-லேயே எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்த நோட்டு இருக்கிறதே, அதை வைத்தே அவருக்கு ஒன்றைக் காட்டலாம். ஒரு குலுக்கலில் 7 வராமல் போக வாய்ப்பு 10-ல் 9. குலுக்கல்கள் சார்பிலாதவை என்பதால் 20 குலுக்கலில் ஒன்றிலும் வராமல் இருக்க 0.9-ஐ 20 தடவை பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 0.12 வரும். அதாவது 100-க்கு 12. இது 7-க்கு மட்டும். 3-க்கும் இதேதான், 0-வுக்கும் இதேதான். பத்து இலக்கத்தில் ஏதாவது ஒன்றாவது 20 குலுக்கலில் தலைகாட்டாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டால் 100-க்கு 78-க்கு மேல் வருகிறது. பத்து இலக்கமும் ஒழுங்காக வந்து போயிருந்தால்தான் கொஞ்சம் ஆச்சரியப்படணும். நோட்டின் பழைய பக்கங்களைத் திறந்து 20, 20 ஆகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலான கட்டங்களில் ஏதோ ஒரு இலக்கம் காணாமல் போயிருக்கும். இந்தத் தடவை அது 7, அவர் கண்ணில் பட்டுவிட்டது.

சரி, இப்போது மகளுடைய பகடை.

சார்பிலாதது என்றால் இரண்டு தனித்தனிப் பொருள், தனித்தனி நேரம் என்று அவள் நினைக்கிறாள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆசிரியர்களும் இரண்டு நாணயம், இரண்டு பகடை என்றே உதாரணம் கொடுப்பதால் அது மனதில் ஒட்டிக்கொள்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஒன்று நடந்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், மற்றொன்றுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு மாறுமா?

பகடையை உருட்டி கையால் மூடிவிடுகிறேன். இரட்டைப்படையா? வாய்ப்பு பாதிக்குப் பாதி. "விழுந்தது 1 அல்லது 2" என்று சொல்லிவிடுகிறேன். இப்போது இரட்டைப்படையா? 2 என்றால் ஆமாம், 1 என்றால் இல்லை, இன்னமும் பாதிக்குப் பாதி. நான் சொன்ன தகவல் உண்மைதான், ஆனால் இந்தக் கேள்விக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே ஒரே உருட்டாக இருந்தும் இவை இரண்டும் சார்பிலாதவை. பெருக்கிப் பார்த்தாலும் 2-ல் 1, 3-ல் 1, பெருக்கினால் 6-ல் 1, இரண்டும் சேர்ந்து நடக்கிற ஒரே எண் 2, அதுவும் 6-ல் 1. அதே இடத்தில் "விழுந்தது 1, 2, 3-ல் ஒன்று" என்று சொன்னால் கதை மாறிவிடும். மூன்றில் ஒன்றுதான் இரட்டைப்படை, பாதி என்பது மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. இவை சார்ந்தவை.

அப்புறம், ஒன்று மற்றொன்றை நடத்திவைத்தால்தான் சார்ந்தது என்பதும் இல்லை. சாரல் காலத்தில் ஆரியங்காவில் மழை என்று போன் வந்தால் செங்கோட்டைக்காரர் மாடியில் காயும் துணியை எடுக்கிறார். ஆரியங்காவு மழை செங்கோட்டைச் சாரலை உண்டாக்கவில்லை, கணவாய் வழியாக வருகிற அதே தென்மேற்குக் காற்று இரண்டு இடத்துக்கும் மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஒரு பேச்சுக்கு இரண்டு ஊரிலும் பாதி நாள் மழை என்று வைத்துக்கொண்டால், பெருக்கிப் பார்ப்பவர் இரண்டிலும் ஒரே நாளில் பெய்வது நாலில் ஒரு நாள்தான் என்பார். நம் பக்கத்து ஆள் யாரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த இரண்டாவது தப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மச்சானுடைய தப்பு, இல்லாத சம்பந்தத்தை இருப்பதாக நினைப்பது. போவது அவருடைய டிக்கெட் காசு. இருக்கிற சம்பந்தத்தை இல்லை என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் ஒரு ஆளின் வாழ்க்கையே போகும், போயும் இருக்கிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண்ணின் இரண்டு கைக்குழந்தைகள் 1996-லும் 1998-லும் இறந்துபோனார்கள். அவரே கொன்றுவிட்டதாக வழக்கு. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறக்க வாய்ப்பு 8,543-ல் 1, அப்படியானால் இரண்டு குழந்தைக்கு 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கு, 7 கோடியே 30 லட்சத்தில் 1 என்று ஒரு மருத்துவ நிபுணர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 1999-ல் ஆயுள் தண்டனை விழுந்தது.

அந்தப் பெருக்கலைப் பாருங்கள். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீடு. ஒரு குழந்தைக்கு ஆபத்தான ஏதோ ஒன்று பரம்பரையிலோ வீட்டுச் சூழலிலோ இருந்தால், அதன் தம்பிக்கும் அது இருக்கலாம். முதல் குழந்தை இறந்தது என்று தெரிந்த பிறகு இரண்டாவதற்கான கணக்கு மாறியே ஆகவேண்டும். அங்கே பெருக்கவே கூடாது. இங்கிலாந்தின் புள்ளியியல் சங்கமே 2001-ல் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தது. (அந்த எண்ணைத் தாய் குற்றமற்றவர் என்பதற்கான வாய்ப்பாக எடுத்துக்கொள்வது இன்னொரு தப்பு, அதற்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும்.) முக்கியமான மருத்துவப் பரிசோதனை முடிவுகள் மறைக்கப்பட்டிருந்தது வெளியே வந்த பிறகுதான் 2003-ல் அவர் விடுதலையானார். 2007-ல் இறந்துபோனார். நிகழ்தகவு கணக்கில் பெருக்கல் குறி போடும் முன் ஒரு நொடி நிற்கச் சொல்லி நான் பிள்ளைகளிடம் மன்றாடுவது இதனால்தான்.

மகளுக்குப் பரீட்சையில் உதவுகிற ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். "ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்" என்று ஒன்று படித்திருப்பாள். இரண்டும் சேர்ந்து வராது, அதனால் அவை சார்பிலாதவை என்று எழுதிப் பலர் மார்க்கை விடுகிறார்கள். பகடையில் 1 விழுந்தது என்று தெரிந்தால் 6 விழுந்திருக்க வாய்ப்பு 6-ல் 1-இலிருந்து நேராகப் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது, இதைவிட அழுத்தமாக ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்க முடியாது. இரண்டுக்கும் தனித்தனியே நடக்க வாய்ப்பு உண்டு, ஆனால் சேர்ந்து நடக்காது என்றால், அவை சார்பிலாதவையாக இருக்கவே முடியாது. எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்: பெருக்கினால் 36-ல் 1, சேர்ந்து நடப்பது 0.