மழைக்கால முற்றத்துக்கு என்ன வைக்கலாம்?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஐப்பசி மழையோடு போகன்வில்லா பூக்காமல் இலை மட்டும் தள்ளுகிறது, எக்சோரா (வெட்சி) மஞ்சளாகிறது, தையில் வீட்டில் கல்யாணம் என்று எழுதியிருந்தீர்கள்.

போகன்வில்லாவை இப்போதைக்கு விடுங்கள். வேர் காய்ந்தால்தான் அது பூக்கும். மாசி வெயிலுக்குத் தானாக வரும்.

எக்சோராவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புக் குறைபாடு. நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்தில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கிணற்று நீரும் அதே சுண்ணாம்புதான். பெரிய பூச்சாடிக்கு மாற்றி, மக்கிய எருவும் இலைமக்கும் கலந்து, பிடித்து வைத்த மழைநீரை ஊற்றுங்கள். மழை விட்ட நாளில் இரும்புச்சத்துக் கரைசலை இலையில் தெளிக்கலாம். பழுத்த இலை திரும்பாது, புதுத்துளிரில்தான் வித்தியாசம் தெரியும்.

கல்யாணத்துக்கு என்றால் என் தெரிவு செவ்வந்தியல்ல, துலுக்கச் செவ்வந்தி (மேரிகோல்ட்). விதைத்து ஏறக்குறைய 2 மாதத்தில் பூக்கும். ஐப்பசி முடியுமுன் விறாந்தையில் தட்டில் விதைத்து, மேடாக்கிய பாத்தியில் நடுங்கள். தண்ணீர் நின்றால் அழுகிவிடும். மதிலோரம் குரோட்டன் போதும், பூவே தேவையில்லை.

கார்த்திகைப்பூ வேலியில் அழகுதான், ஆனால் தைக்குள் கொடி காய்ந்துவிடும். கிழங்கு கொடிய நஞ்சு, கல்யாண வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள் அல்லவா?

முற்றத்தில் எவ்வளவு நேரம் வெயில் விழும் என்று சொல்லுங்கள், குரோட்டன் வகையைச் சொல்கிறேன்.